ஜெர்மனியில் மகளுக்கு ரூம்: இப்பவே அட்வான்ஸ் அனுப்பலாமா?

அரவேணு அப்பா:
வணக்கம். கோத்தகிரி பக்கம் அரவேணுவில் சின்னத் தேயிலைத் தோட்டம் வெச்சிருக்கேன். மகளுக்கு கெம்னிட்ஸ்ல மாஸ்டர்ஸ் சீட் கிடைச்சிருக்கு, அக்டோபர்ல வகுப்பு. ஸ்டூடன்ட் ஹாஸ்டலுக்கு அப்ளை பண்ணி வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்குது. இதுக்கு நடுவுல வாட்ஸ்அப்ல ஒருத்தர், காலேஜ் பக்கத்துலயே ரூம் இருக்கு, மூணு மாச அட்வான்ஸ் அனுப்பினா சாவியைக் கூரியர்ல அனுப்பறேங்கறார். போட்டோ எல்லாம் பளிச்சுனு இருக்கு. பச்சைத் தேயிலை விக்கிற விலைக்கு அந்தப் பணத்தைப் புரட்டறதே பெரும்பாடு. ஆனா தூரமா ரூம் எடுத்தா லேப் முடிஞ்சு ராத்திரி எப்படி வருவா? இங்க கடைசி பஸ்ஸை விட்டா ஜீப்காரரைக் கெஞ்சணும்.

கேத்திக்காரி:
அங்கிள், ஒரு பைசா அனுப்பாதீங்க. நான் டிரெஸ்டன்ல படிக்கிறேன், இந்தக் கூரியர் சாவி மோசடி வசனம் இங்க எல்லாருக்கும் மனப்பாடம். சட்டப்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது, அதுவும் ஹீட்டிங், தண்ணி சேர்க்காத வாடகை. அதையும் மூணு தவணையாக் கட்டலாம். முதல் தவணையே வாடகைக் காலம் தொடங்கும்போதுதான்.

அந்த ஆள்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்" தருவீங்களா? இவ இங்கதான் குடியிருக்கான்னு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர்ற பேப்பர். குடிவந்த ரெண்டு வாரத்துக்குள்ள அதை வெச்சு நகர அலுவலகத்துல பதியணும். பதிவு இல்லேன்னா விசா நீட்டிப்பு வரைக்கும் சிக்கல் இழுக்கும். பக்கத்துல இருக்கா தூரமாங்கறதெல்லாம் அப்புறம்.

டானிங்டன் முக்கு:
தூரத்துக்குப் பயப்படாதீங்கண்ணா. நாடு முழுக்க லோக்கல் ரயில், டிராம், பஸ் எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட், 2026 ஜனவரியிலிருந்து மாசம் 63 யூரோ. பல யுனிவர்சிட்டில ஸ்டூடன்ட்ஸுக்கு அதுல 60 சதவீதம்தான், செமஸ்டர் கட்டணத்தோடயே சேர்ந்து வரும். ஐசிஇ மாதிரி வேக ரயில்ல மட்டும் செல்லாது. செப்டம்பர் கடைசில போய் இறங்கினா ஸ்டூடன்ட் டிக்கெட் தொடங்கியிருக்காது, அந்தச் சில நாளுக்குக் கையில காசு வேணும். ரூம் முடிவு பண்றதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ராத்திரி டிராம் டைமைப் பார்த்துக்கங்க. அன்னிக்குப் பெரும்பாலான கடையும் பூட்டியிருக்கும், ஞாயிறு போய் இறங்கினா சமைக்க உப்பு கிடைக்கறதுகூடக் கஷ்டம்.

அரவேணு அப்பா:
அந்தப் பேப்பரைக் கேட்டேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, அடுத்த நிமிஷம் டிபி காணோம்! தூரத்து ஹாஸ்டலையும் சேர்த்து அப்ளை பண்ணச் சொல்லிட்டேன். ஸ்வெட்டர் இங்கயே வாங்கிடலாமா?

கேத்திக்காரி:
நம்மூர் ஸ்வெட்டர் தாராளமாப் போதும், உள்ள ஒரு தெர்மல் போட்டுக்கட்டும். பனியில வழுக்காத பூட்ஸ் மட்டும் இங்க வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.