அம்மாவுக்கு டி-ஸ்கோர் மைனஸ் 3.1: மாத்திரையா, பிரண்டையா?

லால்குடி மகள்:

அம்மாவுக்கு 64 வயது. போன மாதம் கிணற்றடியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், நின்ற இடத்தில் விழுந்ததற்கெல்லாம் இப்படி உடையக் கூடாதே என்று எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முதுகெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 3.1, தொடை எலும்பின் கழுத்தில் மைனஸ் 2.6. டி-ஸ்கோர் என்பது அடர்த்தியைச் சொல்லும் எண்ணாம், இவ்வளவு இறங்கினால் எலும்புப்புரை, அதாவது எலும்பு உள்ளே மெலிந்து எளிதில் உடைவதாம். வாரம் ஒரு அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை, கூடவே கால்சியம், வைட்டமின் டி3 பாக்கெட் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி அந்த மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தான். தாடை எலும்பு அழுகும், தொடை எலும்பு உடையும் என்று இருந்ததும் அம்மா, "எலும்புக்குத் தர்ற மருந்தே எலும்பை உடைக்குமாம், எனக்கு வேண்டாம்டி" என்று பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டார். சித்தி தினம் போன் பண்ணி பிரண்டை, கேழ்வரகு, எள்ளுருண்டை, ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார். அம்மா 15 வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறார், சுகர் கிடையாது. மருந்தில்லாமல் யாராவது சமாளித்திருக்கிறீர்களா? திட்டாமல் சொல்லுங்கள்.

பிரண்டைத் துவையல்:

நான் சமாளித்தேன். இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் பிரண்டைத் துவையல், காலையில் கேழ்வரகுக் கூழ். முழங்கால் வலி முக்கால்வாசி போய்விட்டது. கணு நீக்கி, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி தாராளமாக வைத்து அரையுங்கள், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். இங்கிலீஷ் மருந்துக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

மருந்துக்கடை மேசை:

மேலே சொன்ன அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் முழங்கால் வலி வேறு, இது வேறு. நம்ம ஊரில் இரண்டையுமே "எலும்புத் தேய்மானம்" என்று சொல்லிச் சொல்லியே குழம்பிப்போனோம். முழங்காலில் தேய்வது மூட்டு, அது வலிக்கும். எலும்புப்புரை வலிக்கவே வலிக்காது, உள்ளே கரையான் அரித்த நிலைப்படி மாதிரி வெளியே வண்ணமெல்லாம் சரியாக இருக்கும், ஒரு நாள் சாய்ந்தால்தான் தெரியும். அதனால் "வலி குறைந்தது" என்பதை வைத்து எலும்பு பலமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பிரண்டையை வைத்து எலிகளில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது, உடைந்த எலும்பு சீக்கிரம் கூடியதாகச் சொல்கிறார்கள், சரி. ஆனால் மைனஸ் 3.1 உள்ள ஒருவருக்குத் தொடை எலும்பு முறிவைப் பிரண்டை தடுக்கும் என்பதற்கு மருந்துகளுக்கு இருப்பது போன்ற பெரிய சோதனை எதுவும் கிடையாது. துவையலாகச் சாப்பிடட்டும், யார் வேண்டாம் என்றது.

கேழ்வரகுக் கணக்கையும் பார்ப்போம். 100 கிராம் மாவில் சுமார் 350 மி.கி. கால்சியம், அரிசியோடு ஒப்பிட்டால் எங்கேயோ நிற்கிறது. ஆனால் ஒரு வேளைக் கூழுக்குப் போவது 40, 50 கிராம் மாவுதானே? மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி. தேவை. கூழ், இரண்டு டம்ளர் பால், தயிர், முருங்கைக்கீரை, சாப்பிடுபவர் என்றால் முள்ளோடு நெத்திலி, இப்படிச் சேர்த்தால்தான் பக்கத்தில் வரும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, எலும்பை இடிக்கிற செல்கள் கட்டுகிற செல்களை மிஞ்சிவிடுகின்றன. செங்கல்லை எவ்வளவு கொட்டினாலும் இடிக்கிற ஆள் நிற்காவிட்டால் சுவர் எழும்பாது. அலென்ட்ரோனேட் அந்த இடிக்கிற ஆளின் கையைப் பிடிக்கிறது. 1996இல் வெளிவந்த பெரிய சோதனையில், ஏற்கெனவே முதுகெலும்பு நொறுங்கிய சுமார் 2,000 பெண்களை மூன்று வருடம் பார்த்தார்கள். வெற்று மாத்திரை போட்டவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நொறுங்கியது, மருந்து போட்டவர்களில் 8 பேருக்கு. இடுப்பு முறிவும் 2.2 சதவீதத்திலிருந்து 1.1 ஆகப் பாதியானது.

தாடை விஷயம் பொய்யில்லை, ஆனால் பெரும்பாலும் புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசியாகப் போடுபவர்களுக்கு வருவது. எலும்புப்புரை அளவில் மிக அபூர்வம். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். அந்தத் துண்டுச்சீட்டில் சொன்ன தொடை எலும்பு முறிவும் அபூர்வம்தான், பல வருடம் விடாமல் போட்டால் வரும் ஆபத்து, அதனால்தான் ஐந்து வருடத்தில் டாக்டர்கள் நிறுத்தி வைக்கலாமா என்று மறுபடி பார்க்கிறார்கள். இடையில் தொடையிலோ தொடை இடுக்கிலோ காரணமில்லாமல் வலி வந்தால் உடனே சொல்லணும்.

அப்புறம் அந்த டி3 பாக்கெட், 60,000 யூனிட். அது பெரும்பாலும் வாரம் ஒன்றுதான். தினம் ஒன்று என்று நினைத்து மாதக்கணக்கில் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் மயக்கமுமாக வந்தவர்களை நான் கடையில் பார்த்திருக்கிறேன். சீட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை படியுங்கள். அதோடு, பெயர் லேபிள் இல்லாத "மூட்டுவலிப் பொடி" எதையும் சித்தி கொண்டுவந்தால் வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், ஸ்டீராய்டே எலும்பை அரிக்கும்.

சேலம் பாட்டி:

எனக்கு 71. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மாற்றினார்கள். நான்கு ஊசி போட்டேன், ஸ்கோரும் ஏறியது. பெண் வீட்டுக்கு வெளிநாடு போனபோது, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்த சில மாதத்தில் காய்கறிக் கூடையைக் குனிந்து எடுக்கும்போது முதுகில் சுருக்கென்றது, எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பு அமுங்கியிருந்தது. இந்த ஊசியைச் சட்டென்று நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரையும், நிறுத்துவதாக இருந்தால் வேறு மருந்தில் ஏற்றிவிட்டுத்தான் நிறுத்தணும் என்று எனக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு மருந்து மேல் கோபமில்லை, சொல்லாமல் விட்டவர்கள் மேல்தான். உங்கள் அம்மாவுக்கு எந்த மருந்தை எழுதினாலும் "இதை எப்போது, எப்படி நிறுத்துவது" என்று முதல் நாளே கேளுங்கள், தாயீ.

பிசியோ தம்பி:

மருந்து விஷயத்தை மேலே சொல்லிவிட்டார்கள், நான் உடம்பு விஷயம் சொல்கிறேன். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அதை மட்டும் வைத்து எலும்பு ஏறாது. எலும்புக்கு எடை வேண்டும். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான எடை தூக்க வைத்தார்கள், 2018இல் முடிவு வந்தது. முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் ஏறியது, வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு ஒரு சதவீதம் இறங்கியது. இதைப் பார்த்துவிட்டு அம்மாவை அரிசி மூட்டை தூக்க விடாதீர்கள், அங்கே பக்கத்தில் ஆள் நின்று சொல்லிக்கொடுத்துச் செய்தது. மணிக்கட்டு கூடிய பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். யோகா போனால் பாதம் தொடுகிற மாதிரி முன்னால் குனிகிற ஆசனங்கள் வேண்டாம்.

தைராய்டு மாத்திரை என்றீர்களே, கடைசியாக டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தீர்கள்? மாத்திரை அளவு கூடிப்போய் டிஎஸ்எச் ரொம்ப இறங்கியிருந்தால் அதுவே எலும்பைக் கரைக்கும். கிணற்றடிப் பாசியை யாராவது தேய்த்தார்களா என்பதையும் சொல்லுங்கள்.

லால்குடி மகள்:

எல்லோருக்கும் நன்றி, யாரும் திட்டவில்லை! டிஎஸ்எச் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது, நாளைக்கே ரத்தம் கொடுக்கிறோம். பாசியைத் தம்பியே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தான், துண்டுச்சீட்டு படித்ததற்குத் தண்டனை. கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, புதன்கிழமை பல் டாக்டரிடம் போகிறோம், அது ஆறியதும் மாத்திரை.

சேலம் பாட்டி சொன்னதைப் படித்துக் காட்டியபோது அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். இப்போது ஒரே தகராறுதான்: வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கணும், காபி கூடாது. எழுந்ததும் பல் விளக்கிய ஈரம் காய்வதற்குள் பில்டர் காபி குடித்துப் பழகியவருக்கு அந்த அரை மணிதான் பெரிசாக இருக்கிறது. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தான், மாத்திரை நாளில் அதை எப்போது போடுவது? மருந்துக்கடை அண்ணா, இதற்கு ஏதாவது வழி உண்டா?

மருந்துக்கடை மேசை:

அலென்ட்ரோனேட் முதலில், தனியாக. அரை மணி கழித்துத் தைராய்டு, அதற்கு அப்புறம் ஒரு அரை மணியாவது கழித்துக் காபி, ஆக அந்த ஒரு நாள் ஒரு மணி நேரம். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டோடு, தைராய்டுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வீட்டில் எல்லோரும் காபி குடிக்கும் வாசனையில் அம்மா தோற்றுவிடுவார். நீங்கள் வேலைக்கு ஓடுகிற ஒரு நாளாகப் பாருங்கள்.