எட்டு ரசீதுகள்

குழு: குடமுருட்டிக் கரை குடும்பம்
சனிக்கிழமை

நான் (மாலை 6:12)
பெரியப்பா, அத்தை, சித்தப்பா, எல்லோருக்கும் வணக்கம். இதை உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஆனி மாதத்தில் அவரைத் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு நாள் சேர்த்திருந்தபோது, வயிற்றுப்புண் என்று உங்கள் எல்லோரிடமும் நான் சொன்னது பொய். அது மனச்சோர்வு நோய். சம்பாவுக்குக் கடனாகக் கொடுத்த உரத்துக்கும் மருந்துக்கும் பணம் திரும்பாமல் போனதிலிருந்து தூக்கம் கெட்டு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் கடன் நோட்டைப் புரட்டினேன். ஒரே ஆளின் பெயரையும் ஒரே தொகையையும் ஒரு பக்கம் முழுக்க, வரிக்கு வரி, பிசிறில்லாத கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். மறுநாளே தஞ்சாவூரில் மருத்துவரிடம் அழைத்துப் போய்விட்டேன்.

இப்போது உடம்பும் மனமும் தேறிவிட்டார். நான் எழுத வந்தது காப்பீட்டைப் பற்றி. மருத்துவமனைச் செலவு 41,300 ரூபாயில் கையுறை, கோப்புக் கட்டணம் என்று கழித்துக்கொண்டு 36,850 ரூபாயைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒருமுறை போன கவுன்சலிங்குக்கு ஒரு பைசா கிடையாது என்று, தீபாவளிக்கு முந்தின வாரம் ஒற்றை வரிக் கடிதம் வந்தது. அமர்வுக்கு 1,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு அமர்வுகள். யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

காரைக்கால் அத்தை (மாலை 6:20)
செல்வி, வயிற்றுப்புண் என்று நம்பி, மணத்தக்காளிக் கீரையும் வற்றலும் பஸ் கண்டக்டரிடம் மூன்று முறை கொடுத்தனுப்பினேனே! என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

நான் (மாலை 6:22)
வற்றலை வீணாக்கவில்லை, அத்தை. மருத்துவமனையில் சாதம் இறங்காதபோது அந்த வற்றல் குழம்பைத்தான் சாப்பிட்டார்.

திருவையாறு பெரியப்பா (மாலை 6:31)
செல்வி, நீ முதலில் மறைத்ததையும் இப்போது சொன்னதையும் நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் குழுவில் அரைகுறைத் தமிழும் காலை வணக்கப் படமும் கூடாது என்று விதி வைத்தவன் நான் என்பதால், இன்றைக்கு மற்றொரு விதியையும் சேர்க்கிறேன். மாப்பிள்ளையைப் பற்றி இங்கே எழுதப்படுவது இந்தக் குழுவைத் தாண்டி யாருக்கும் போகக்கூடாது.

தம்பி (சென்னை) (மாலை 6:40)
அக்கா, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 21ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, உடல்நோய் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்கிறது. சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி, ஐதராபாத்தில் உள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதை உடனே பின்பற்றும்படி எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. மனநோய்க்கு மட்டும் குறைந்த உச்சவரம்பு வைத்திருந்த ஒரு பாலிசியை, 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்திருக்கிறது. இவற்றையெல்லாம் எழுதி நேரே வழக்குப் போடலாம்.

நீடாமங்கலம் சித்தப்பா (மாலை 6:58)
தம்பி, அவசரப்படாதே. அந்தப் பாலிசியைப் போட்டுக் கொடுத்த முகவர் நான்தான் என்பதால், இதில் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ படித்த அந்த "அதே அடிப்படையில்" என்ற சொற்களை வைத்துத்தான் நிறுவனங்கள் தப்பிக்கின்றன. சர்க்கரை நோய்க்காரர் மாதாமாதம் மருத்துவரைப் போய்ப் பார்த்து வரும் செலவை இந்தப் பாலிசி கொடுப்பதில்லை, மனநோய்க்காரர் வாராவாரம் ஆலோசனைக்குப் போய்வரும் செலவையும் கொடுப்பதில்லை, இரண்டும் ஒரே அடிப்படைதானே என்று கேட்பார்கள். கட்டிலில் படுத்தால் பணம் உண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் இல்லை என்பதுதான் பெரும்பாலான பாலிசிகளின் நிலை. வெளிநோயாளிச் செலவுக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் பாலிசிகள் இருக்கின்றன. அதை அன்றைக்கு நான் மாப்பிள்ளையிடம் சொல்லவே இல்லை, செல்வி. கட்டிலும் ஆபரேஷனும்தான் அன்றைக்கு என் நினைவில் இருந்தன.

திருவையாறு பெரியப்பா (இரவு 7:10)
இது நம் பயிர்க் காப்பீட்டின் கதையாகவே இருக்கிறது. என் வயலில் கதிர் முழுக்கத் தண்ணீரில் கிடந்தபோதும், வருவாய்க் கிராமத்தில் வேறெங்கோ நடத்திய அறுவடைச் சோதனையில் மகசூல் குறையவில்லை என்று எனக்கு ஒன்றும் வரவில்லை. என் நெல் அழுகியது உண்மை, அவர்கள் விதிப்படி அது இழப்பு இல்லை. ஆனால் தம்பி, விதியை வைத்து மறுப்பவனிடம் நியாயத்தைப் பேசிப் பயனில்லை; அவனுடைய விதிப்புத்தகத்திலேயே நமக்கு ஒரு வரி இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

மலர் அக்கா (இரவு 7:34)
அப்பா சொன்ன அந்த வரி இருக்கிறது. இப்போதுதான் இரவுப் பணிக்கு வந்தேன், அதனால் தாமதம். செல்வி, உன் பாலிசியில் "மருத்துவமனையிலிருந்து வந்த பிறகான செலவு" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று பார். சிலவற்றில் 60, சிலவற்றில் 90 அல்லது அதற்கு மேலும் இருக்கும். எந்த நோய்க்காகச் சேர்க்கப்பட்டாரோ அதே நோய்க்கு, வீட்டுக்கு வந்த பிறகு அத்தனை நாளுக்குள் ஆகும் மருந்து, பரிசோதனை, மருத்துவர் சொன்ன சிகிச்சை எல்லாம் அதில் வரும். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து போனவர்களுக்குப் பிசியோதெரபிச் செலவை இந்தப் பகுதியில் வாங்குவதை எங்கள் வார்டில் தினமும் பார்க்கிறேன். அவர்களும் கட்டிலில் இல்லை, நடந்து வந்து போகிறவர்கள்தான். ஆகவே "அதே அடிப்படையில்" என்ற சொற்களை நாமும் பிடித்துக்கொள்ளலாம்.

நான் (இரவு 7:46)
பார்த்துவிட்டேன் அக்கா, 60 நாள் என்று இருக்கிறது. வீடு திரும்பிய ஐந்தாம் நாள் முதல் அமர்வு. பிறகு வாரத்துக்கு ஒன்று. ஐம்பத்து நான்காம் நாள் எட்டாவது அமர்வு முடிந்திருக்கிறது. ஒன்பதாவது அறுபத்தோராம் நாள்!

மலர் அக்கா (இரவு 7:49)
ஒரே நாள் தள்ளிப் போய்விட்டது. பரவாயில்லை, எட்டுக்குக் கேட்போம். கடைசி நான்கை விட்டுவிடு. பன்னிரண்டையும் ஒரே கட்டாக அனுப்பியதால்தான் அவர்கள் எல்லாவற்றையும் வெளிநோயாளிச் செலவு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கவுன்சலிங்குக்குப் போகும்படி மனநல மருத்துவர் எழுதியிருக்கிறாரா? ஆலோசனை கொடுத்தவர் யார்?

நான் (இரவு 8:05)
இரண்டாம் பக்கத்தின் அடியில், மருந்துகளுக்குக் கீழே, "வாரம் ஒருமுறை உளவியல் சிகிச்சை" என்று கையால் எழுதியிருக்கிறார். ஆலோசனை கொடுத்தவர் மருத்துவ உளவியல் படித்தவர்; அவருடைய ரசீதில் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறது.

நீடாமங்கலம் சித்தப்பா (இரவு 8:11)
அந்த எண்தான் முக்கியம். ஆலோசகர் என்று பலகை மாட்டியவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் ரசீது இந்த இடத்தில் செல்லாது. 2017 சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பைத்தான் சொல்கிறது என்பதை மனுவில் சேர்த்துக்கொள்ளலாம். கடிதத்தில் பாலிசியின் எந்த ஷரத்தின்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட்டிருக்கிறார்களா?

நான் (இரவு 8:14)
இல்லை சித்தப்பா. "ஆலோசனை அமர்வுகள் வெளிநோயாளிச் செலவு என்பதால் ஏற்க இயலாது" என்று மட்டும் இருக்கிறது. அதற்கு முன், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைமைக் கவனிக்கும் டி.பி.ஏ. நிறுவனத்திலிருந்து ஒரு பையன் தொலைபேசியில் அழைத்து, அமர்வுகளில் என்ன பேசப்பட்டது என்ற குறிப்புகளை அனுப்பும்படி கேட்டான். அன்றைக்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பணமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று இருந்தது.

மலர் அக்கா (இரவு 8:20)
அதைக் கொடுக்காதே. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநல சிகிச்சை பெறுகிறவரின் தகவல்களை இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. நோயின் பெயர், அமர்வு நடந்த தேதிகள், மனநல மருத்துவரின் பரிந்துரைப்படிதான் நடந்தது என்ற ஒரு வரி, இவ்வளவும் அடங்கிய சான்றிதழை உளவியலாளரிடம் வாங்கி அனுப்பினால் போதும். அத்தான் அந்த அறையில் கடனைப் பற்றி அழுதாரா, தன் அப்பாவைப் பற்றி அழுதாரா என்பது கிளைம் பார்க்கிறவருக்கு எதற்கு?

காரைக்கால் அத்தை (இரவு 8:33)
எனக்கு ஒரு பயம், சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படி மனுவுக்கு மேல் மனுவாக மனநோய் என்று எழுதி வைத்தால், நாளைக்குச் செல்வியின் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அது வெளியே வராதா? எட்டாயிரம் ரூபாய்தானே, நாங்கள் கொடுத்துவிடுகிறோம். குணசீலத்தில் பிரசன்ன வெங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம் தங்கிக் குணமானவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே போனால் யாரும் காகிதம் கேட்பதில்லை.

நான் (இரவு 8:41)
அத்தை, குணசீலத்துக்கும் போய்த்தான் வந்தோம். உச்சிகாலத்தில் முகத்தில் தீர்த்தம் தெளித்தபோது பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக அவர் நிமிர்ந்து பார்த்தார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அங்கே வந்திருந்த ஒருவர், மாத்திரையை நிறுத்தினால்தான் பெருமாள் அருள் செய்வார் என்று சொன்னதைக் கேட்டு, நாங்களே நான்கு நாள் நிறுத்தியதுதான் ஆகாமல் போயிற்று. அதற்கு அடுத்த வாரம்தான் தஞ்சாவூரில் சேர்க்க வேண்டி வந்தது.

திருவையாறு பெரியப்பா (இரவு 9:02)
தங்கச்சி, நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போன பிறகு பேராவூரணி மச்சான் எப்படி இருந்தார் என்று நினைத்துப் பார். முப்பது வருடம் வளர்த்த தென்னை ஒரே இரவில் சாய்ந்து கிடந்தது. ஒரு வருடம் அவர் தோப்புப் பக்கமே போகவில்லை, திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாம் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தோம். நிவாரணப் பட்டியலில் மரங்களைத்தான் எண்ணினார்கள். நாமும் மரங்களைத்தான் விசாரித்தோம். அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இன்றைக்கு எழுதும்போது கை நடுங்குகிறது.

எட்டாயிரத்தை நீ கொடுத்துவிடலாம். அடுத்த ஆண்டு மாப்பிள்ளைக்கு மறுபடி தேவைப்பட்டால் என்ன செய்வது? மறைத்துவிட்டுப் பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால், உண்மையைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி வேறொரு நோய்க்கான கிளைமையும் மறுத்துவிடலாம். சரிதானே, நீடாமங்கலம் தம்பி?

நீடாமங்கலம் சித்தப்பா (இரவு 9:09)
சரிதான் அண்ணா. மறைத்ததால் சிக்கிக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். இனிமேல் எந்தப் படிவத்திலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். அக்கா, நிறுவனத்தில் இருக்கும் காகிதம் ஊருக்குள் வராது. நாம் பேசினால்தான் வரும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், செல்வி. நேரே வழக்கு வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். மறுத்தால் எந்த ஷரத்து என்று குறிப்பிட வேண்டும், கிளைம் மறுஆய்வுக் குழு பார்க்காமல் மறுக்கக்கூடாது என்று 2024ஆம் ஆண்டு ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. அந்த இரண்டையும் கேள்வியாகவே கேட்போம். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஓராண்டுக்குள் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் கெடு. தமிழ்நாட்டோடு காரைக்காலுக்கும் அதே அலுவலகம்தான், அக்கா.

தம்பி (சென்னை) (இரவு 9:15)
தேனாம்பேட்டைக்குப் போக வேண்டி வந்தால் நான் போய் வருகிறேன். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதிந்துவைக்கிறேன்; 155255 என்ற எண்ணிலும் பதியலாம்.

நான் (இரவு 9:21)
அந்தக் கடைசி நான்கு அமர்வுகளும் இனி வருபவையும்தான் எனக்குக் கவலை. மாதம் இரண்டு முறையாவது போக வேண்டும் என்கிறார்கள். வெளிநோயாளி பாலிசி இப்போது எடுத்தாலும் காத்திருப்புக் காலம் இருக்குமாம்.

மலர் அக்கா (இரவு 9:28)
அதற்குக் காப்பீட்டை நம்பி நிற்காதே. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறது; உங்கள் பக்கம் எந்தக் கிழமை என்று திங்களன்று விசாரித்துச் சொல்கிறேன். கூட்டம் இருக்கும், இப்போது பேசுகிறவரைப் போல முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரியில் அத்தானுக்கு மனம் தாங்காமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். சமையலறை நாள்காட்டியில் எழுதி வை.

காரைக்கால் அத்தை (இரவு 9:36)
நான் ஒன்றும் தெரியாமல் பேசிவிட்டேன் என்றால் மன்னித்துக்கொள், செல்வி. மாப்பிள்ளையிடம் நான் எப்படிப் பேச வேண்டும்? தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளலாமா, கூடாதா?

நான் (இரவு 9:44)
பக்கத்தில்தான் இருக்கிறார் அத்தை, எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறார். இனி வற்றல் அனுப்பினால் மணத்தக்காளி வேண்டாம், சுண்டைக்காய் அனுப்பச் சொல்கிறார்.

நீடாமங்கலம் சித்தப்பா (இரவு 9:50)
நாளைக் காலை எட்டு மணிக்குள் மன்னார்குடிக்கு வந்துவிடுகிறேன். மறுப்புக் கடிதத்தின் அசல், பாலிசிப் புத்தகம், டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டு பக்கங்கள், தேதி வரிசைப்படி முதல் எட்டு ரசீதுகள், இவற்றை எடுத்து வை. மனுவின் தமிழை அண்ணா பார்த்துக்கொள்ளட்டும்.

திருவையாறு பெரியப்பா (இரவு 9:53)
அனுப்பு. இரவே திருத்தி வைக்கிறேன்.