டர்போ லேக்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

பீளமேடு, வாகனப் பொறியியல் ஆசிரியர்:

டர்போ ஹேட்ச்பேக் கார்களுக்குத் தமிழில் மதிப்புரை எழுதுகிறவர்கள், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டர்போவின் விசை உடனே வராததைக் குறிக்கும் ‘டர்போ லேக்’ என்பதை அப்படியே எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒலிபெயர்ப்பில் குற்றமில்லை. ஆனால் ஒரே மதிப்புரையில் “1,800 சுற்றுக்குக் கீழே லேக் தெரிகிறது” என்று ஒரு வரியும், “மிதித்தால் ஒரு நொடி லேக்” என்று இன்னொரு வரியும் வருகின்றன. முன்னது இன்ஜினின் சுற்று, பின்னது நேரம். இரண்டும் வேறு வேறு இயல்புகள்.

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை டர்போவின் விசையாழியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் அமுக்கி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஓடும்போது வரும் புகை போதாது. எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டே இருந்தாலும் அழுத்தம் உருப்படியாக ஏறாது. இது வரம்பு. 2,500 சுற்றில் புகை போதும். ஆனால் காலை எடுத்திருந்தபோது வேகம் குறைந்துவிட்ட தண்டு, மறுபடி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிப் போக வேண்டும். சிறு டர்போக்களில் உச்சம் இரண்டு லட்சத்தையும் தாண்டும். சுழலும் பாகத்தின் நிலைமம் அதற்கு நேரம் பிடிக்கவைக்கிறது. இது காத்திருப்பு.

ஓட்டுகிறவர் செய்ய வேண்டியதும் வேறு. வரம்புக்குக் கீழே இருந்தால் கியரைக் குறைக்க வேண்டும். காத்திருப்பு என்றால் முன்கூட்டி மிதிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிறவருக்கு எதைச் செய்வது என்று தெரியாது. வரம்புக்குத் ‘தொடக்கச் சுற்று’, காத்திருப்புக்குத் ‘தயக்கம்’ என்று நம் கலைச்சொல் பட்டியலுக்கு முன்மொழிகிறேன்.

மேட்டுப்பாளையம் சாலை, டர்போ பழுதுநீக்கும் பட்டறை:

ஐயா பிரித்துக் காட்டினது சரிங்க. ‘தயக்கம்’ மட்டும் வேண்டாம். “வண்டி தயங்குது” என்று ஒருத்தர் வந்தால் பட்டறையில் நாங்கள் பார்ப்பது ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர். மிதித்ததும் ஒரு வெட்டு வெட்டி, விட்டு விட்டு இழுக்கும்; அது கோளாறு. எரிபொருளை உருளைக்குள்ளேயே பீய்ச்சுகிற நேரடி ஊசிப்பு இன்ஜினில் உள்வால்வில் கரி படிந்தாலும் இதே குணம் வரும். நல்ல நிலையில் இருக்கிற டர்போவுக்கும் இருக்கும் இயல்புக்கு ஒரு கோளாறின் பெயரை வைத்தால், மதிப்புரை படித்தவர் புது வண்டியைக் கொண்டுவந்து பிளக் மாற்றச் சொல்லுவார்.

இன்னொன்று. இந்தக் காத்திருப்பு, வண்டி பழசாகப் பழசாக நீளக்கூடியது. அதனால் அந்தச் சொல் “அதிகமாகிவிட்டது, குறைந்துவிட்டது” என்று அளந்து சொல்ல ஒத்துவர வேண்டும். நீளுவதற்கு நாங்கள் முதலில் பார்ப்பது இன்டர்கூலர் ஹோஸ், அதாவது அழுத்தின காற்றைக் குளிர்விக்கிற பாகத்தின் குழாய். கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மயிரிழை வெடிப்பு இருக்கும். அமுக்கி தள்ளுகிற காற்றில் ஒரு பங்கு அங்கே போய்விடும். குறித்த அழுத்தத்தை எட்ட விசையாழி கூடுதல் நேரம் சுற்ற வேண்டும். காற்று வடிகட்டிக்குப் பிந்தைய குழாயை மூடி, அரை பார் அளவுக்குக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் அழுத்தம் ஏற்ற வேண்டாம், ஆயில் சீல் பிதுங்கும். ஹோஸ் நன்றாக இருந்தால் வேஸ்ட்கேட், அதாவது மிச்சப் புகையை ஒதுக்கிவிடுகிற வால்வு: முழுக்க மூடாமல் கொஞ்சம் திறந்தே நின்றால் புகை விசையாழிக்குப் போகாமல் ஒதுங்கிப் போய்விடும். மூன்றாவதாகத் தண்டின் பேரிங்கில் ஆயில் கருகிப் படிவது. மலை ஏறி முடித்த உடனே இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் இது பெருமளவு தள்ளிப்போகும்.

பெருந்துறை, இயற்பியல் ஆசிரியை:

‘தயக்கம்’ பாடநூலிலும் இடிக்கிறது. காந்தவியலில் ‘தயக்கக் கண்ணி’ என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அது காந்தப்புலத்தைக் குறைத்த பிறகும் காந்தமாக்கம் பின்தங்கி நிற்பது. அதே சொல்லை இங்கே வேறு பொருளில் போடக் கூடாது.

‘சுணக்கம்’ வைக்கலாம். ஈரோட்டில் மஞ்சள் ஏலம் மந்தமானால் “விற்பனை சுணக்கம்” என்று செய்தித்தாளில் அச்சாகிறது. “பணிகளில் சுணக்கம்” என்பதும் எல்லாருக்கும் பழக்கம். வர வேண்டியது வரும், உடனே வரவில்லை என்பது அதிலேயே இருக்கிறது. ‘தாமதம்’ பொதுப்படையானது, ‘மந்தம்’ நேரத்தைக் குறிக்காமல் குணத்தைக் குறிக்கிறது, ‘பின்னடைவு’ தோல்வியைச் சொல்கிறது.

வரம்புக்கு: ஒளிமின் விளைவில் ‘பயன்தொடக்க அதிர்வெண்’ உண்டு. அதற்குக் குறைந்த அதிர்வெண்ணில் எவ்வளவு செறிவான ஒளி விழுந்தாலும் எலக்ட்ரான் வெளியேறாது. ஐயா சொன்ன 1,200 சுற்றுக் கதை அதே அமைப்புதான். ஆனால் ‘தொடக்கச் சுற்று’ என்றால் எதன் தொடக்கம்? ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் சுற்றும் வேகம் என்றும் ஒருவர் படிக்கலாம். ‘ஊட்டத் தொடக்கம்’ என்று வைத்தால் டர்போ காற்றை ஊட்டுவது தெரியும்.

கணபதி, பம்பு உற்பத்தியாளர்:

அம்மணி, ‘சுணக்கம்’ கச்சிதம். ‘ஊட்டம்’ என்றதும் சத்துணவு நினைவுக்கு வருகிறது. ‘ஊட்டக் குறைவு’ என்று ஒரு மதிப்புரையில் வந்தால் படிக்கிறவர் குழம்புவார். உள்ளே நடப்பது அழுத்தம் ஏறுவது, அளவிடுவதும் அழுத்தத்தைத்தான். ஆகவே ‘அழுத்தத் தொடக்கம்’. பட்டறை அண்ணன் ‘இழுவைத் தொடக்கம்’ என்று கேட்பார் என்று நினைக்கிறேன், ஊரில் வண்டிக்கு இழுவை என்றுதானே சொல்கிறோம். ஆனால் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் எதிர்ப்புக்கும் இழுவை என்று பெயர் உண்டு. வேகமான கார் பற்றிய ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்.

இந்தப் பிரிவை நம் பக்கத்து விவசாயிக்குச் சொல்ல ஆழ்குழாய் மோட்டாரே போதும். வோல்டேஜ் இறங்கிக் கிடந்தால் சுவிட்சைப் போட்டும் மோட்டார் எடுக்காது. நின்று பார்த்துப் பயனில்லை. வோல்டேஜ் சரியாக இருந்தால் மோட்டார் உடனே ஓடும், ஆனால் குழாய் நிறைந்து தண்ணீர் தொட்டிவாயில் விழக் கொஞ்ச நேரம் ஆகும். முன்னது தொடக்கம், பின்னது சுணக்கம்.

‘சுணக்கம்’ என்று மட்டும் விடாதீர்கள், முன்னொட்டு அவசியம். மிதிப்பதற்கும் வண்டி பாய்வதற்கும் நடுவே மூன்று சுணக்கங்கள் உண்டு. ஒன்று, மிதியில் கேபிள் கிடையாது, மின்சென்சார்தான். ஈசியூ என்னும் இன்ஜின் கணினி அந்தக் கட்டளையை மென்மையாக்கி, காற்றுவழியைத் திறக்கும் திராட்டிலுக்கு அனுப்புகிறது. இது மிதிச் சுணக்கம். இரண்டு, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் ஏழாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம். இது கியர்ச் சுணக்கம். மூன்றாவதுதான் டர்போ சுணக்கம். ஸ்போர்ட் மோடைத் தட்டினால் முதலிரண்டும் குறையும், மூன்றாவது குறையாது. விசையாழியின் எடை பொத்தானைத் தட்டினால் மாறுவதில்லை. மிதிக்கும் ஈசியூவுக்கும் நடுவே செருகுகிற சிறு பெட்டியை “டர்போ லேக் போக்கும்” என்று சொல்லி விற்கிறார்கள். அது முதல் சுணக்கத்தை மட்டுமே தொடுகிறது. சொற்கள் பிரிந்திருந்தால் வாங்குகிறவர் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துவார்.

பொள்ளாச்சி, மலைச்சாலை ஓட்டுநர் பயிற்றுநர்:

கையாளுமை, பாதுகாப்பு இரண்டிலும் இந்தச் சொற்கள் எங்கே வருகின்றன என்று சொல்கிறேன்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் 20 கிலோமீட்டர் வேகம், இரண்டாம் கியர். பெரும்பாலான சிறு டர்போ கார்களில் அப்போது இன்ஜின் சுற்று 1,500-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு அது அழுத்தத் தொடக்கத்துக்குக் கீழே. ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, ஓட்டுகிறவர் இன்னும் மிதிக்கிறார், கடைசியில் அடி வரை மிதிக்கிறார். சுற்று மெல்ல ஏறி வரம்பைத் தொட்டதும், ஏற்கெனவே முழுக்கத் திறந்திருக்கும் திராட்டிலுக்கு அழுத்தம் மொத்தமாக வந்து சேர்கிறது. முன்சக்கரங்கள் இன்னும் திரும்பியே இருக்கின்றன. எடை பின்னுக்குச் சாய்ந்திருப்பதால் அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. உள்பக்கச் சக்கரம் வழுக்குகிறது, வண்டி திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வளைவின் வெளிவிளிம்பை நோக்கி நகர்கிறது. வழுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பான ஈஎஸ்சி உள்சக்கரத்தைப் பிரேக் பிடித்துக் காப்பாற்றும். ஈரச்சாலையில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இதற்கு மருந்து முதல் கியருக்கு இறங்குவது, அல்லது வளைவை விரித்து எடுத்து 2,000 சுற்றுக்குக் குறையாமல் வைத்திருப்பது. முன்கூட்டி மிதிப்பது இங்கே உதவாது, கெடுதல்தான்.

தாராபுரம் சாலை மாதிரி இருவழிச் சாலையில் முந்தும்போது நேர்மாறு. 60 கிலோமீட்டர் வேகம், மூன்றாம் கியர், சுற்று வரம்புக்கு மேலேயே இருக்கிறது. இங்கே சுணக்கம்தான் கணக்கு. 60 என்றால் நொடிக்கு 16.7 மீட்டர், எதிரே வருகிறவரும் 60 என்றால் இடைவெளி நொடிக்கு 33 மீட்டர் சுருங்குகிறது. சுணக்கம் ஒரு நொடி என்றால், வேகம் கூடத் தொடங்கும் முன்பே 33 மீட்டர் போய்விட்டது. அதனால் வலப்பக்கம் ஒதுங்கிய பிறகு மிதிக்காமல், சொந்தத் தடத்தில் இருக்கும்போதே லேசாக மிதித்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு, எதிர்ச்சாலை காலி என்று உறுதியான பிறகு வெளியே வர வேண்டும்.

மதிப்புரைகளில் ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பில் நட்சத்திரங்கள் மட்டுமே வருகின்றன. டாடா அல்ட்ரோஸ் 2020-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் பெற்றது, ஹூண்டாய் ஐ20 2022-இல் 3. அவை டர்போ பந்தயத் தோற்ற வகைகளில் நடந்த சோதனைகள் அல்ல; இரண்டு ஏர்பேக் கொண்ட சாதாரண வகைகளில் நடந்தவை. 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்முகத்தின் 40 விழுக்காடு மோதினால் உள்ளிருப்பவருக்கு என்னாகும் என்பதை அது சொல்கிறது. மோதாமல் இருக்க வண்டி எவ்வளவு இடம் கேட்கிறது என்பதைச் சுணக்கமும் பிரேக் தூரமும் சொல்கின்றன. அதையும் அந்தத் தலைப்பின் கீழே எழுதுங்கள்.

பீளமேடு:

‘தயக்கம்’ கைவிடப்பட்டது. ‘டர்போ சுணக்கம்’, ‘அழுத்தத் தொடக்கம்’ இரண்டையும் ஏற்கிறேன். டர்போ என்ற சொல்லைத் தமிழாக்கத் தேவையில்லை. பட்டறையிலும் விளம்பரத்திலும் வேரூன்றிவிட்டது. இனி அளவீடு. அளவு சொல்லாத கலைச்சொல் மதிப்புரையில் வெறும் அலங்காரமாகிவிடும்.

தயாரிப்பாளர் தரும் அட்டவணை ‘அழுத்தத் தொடக்கம்’ என்ற சொல்லுக்குத்தான் உதவும். ஐ20 என் லைன்: 120 பிஎஸ் திறன், உச்சத் திருப்புவிசை 172 நியூட்டன் மீட்டர், 1,500 முதல் 4,000 சுற்று வரை. அல்ட்ரோஸ் ரேசர்: 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர், 1,750 முதல் 4,000 வரை. பழைய அபார்த் புன்ட்டோ: 145 பிஎஸ், 212 நியூட்டன் மீட்டர், 2,000 முதல் 4,000 வரை. அந்தச் சுற்று வீச்சின் முதல் எண்ணை ஒட்டிக் கொஞ்சம் கீழே அழுத்தத் தொடக்கம் இருக்கும் என்று கொள்ளலாம். ஆனால் திருப்புவிசையை அளக்கும்போது சுற்றை ஓரிடத்தில் நிறுத்தி, அழுத்தம் முழுக்க ஏறிய பிறகே குறிக்கிறார்கள். ஆகவே 1,500 என்ற எண்ணில் சுணக்கம் பற்றிய சேதி எதுவும் கிடையாது. “1,500-லேயே முழு விசை, எனவே லேக் இல்லை” என்று எழுதுவது தவறு.

சுணக்கத்தை அளக்க: காரின் கணினித் தகவலைத் தரும் ஓபிடி துளையில் ஒரு ரீடரைச் செருகி உள்குழல் அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), மிதி நிலை, இன்ஜின் சுற்று இந்த மூன்றை மட்டும் பதிவு செய்யுங்கள். நிறைய அளவுகளைக் கேட்டால் மலிவான ரீடரில் ஒவ்வொன்றும் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் வரும். அரை நொடியைப் பிடிக்க முடியாது. பொதுவான உள்குழல் அழுத்த அளவு 255 கிலோபாஸ்கல் வரை காட்டும், இந்த வகைக் கார்களுக்கு அது தாராளம். இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பினால் ஊரின் காற்றழுத்தம் தெரியும். கோவையில் 96, 97 கிலோபாஸ்கல் காட்டினால் சென்சார் சரி. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற மூடிய தடத்தில், மூன்றாம் கியரில் பூட்டி, 2,500 சுற்றில் சீராக ஓட்டி, ஒரே அடியாக முழுக்க மிதியுங்கள். பொதுச்சாலையில் வேண்டாம்.

வரைபடத்தில் இரண்டு கட்டம் தெரியும். வெற்றிடத்திலிருந்து 96 வரை சட்டென்று ஏறுவது திராட்டில் திறந்து குழல் நிரம்புவது; டர்போ இல்லாத காரிலும் அது உண்டு. 96-இலிருந்து உச்ச அழுத்தத்தின் 90 விழுக்காடு வரை சாய்வாக ஏறுவதுதான் டர்போ சுணக்கம். மிதித்த கணத்திலிருந்து எண்ணினால் ‘மொத்தச் சுணக்கம்’ என்று தனியாக எழுதுங்கள். முந்துகிறவருக்கு அதுதான் பயன்படும்.

எந்த ஊரில் அளந்தது என்பதும் சேர வேண்டும். உள்குழலில் 180 கிலோபாஸ்கல் வேண்டுமென்றால் கோவையில் அமுக்கி காற்றை ஏறத்தாழ 1.87 மடங்கு அழுத்தினால் போதும். ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் வால்பாறையில் காற்றழுத்தம் 89-ஐ ஒட்டி. அங்கே 2 மடங்கைத் தாண்ட வேண்டும். தண்டு அதிக வேகம் பிடிக்க வேண்டும், சுணக்கம் நீளும், தொடக்கமும் மேலே நகரும்.

பட்டியலுக்கான பதிவு:

அழுத்தத் தொடக்கம்: முழுக்க மிதித்த நிலையில், உள்குழல் அழுத்தம் வெளிக்காற்றழுத்தத்தை மிஞ்சத் தொடங்கும் இன்ஜின் சுற்று. அலகு: நிமிடத்துக்குச் சுற்று.

டர்போ சுணக்கம்: அழுத்தத் தொடக்கத்துக்கு மேற்பட்ட சுற்றில் மிதித்தபின், உள்குழல் அழுத்தம் வெளிக்காற்று அளவிலிருந்து உச்சத்தின் 90 விழுக்காட்டை எட்ட ஆகும் நேரம். அலகு: நொடி. கியர், மிதிக்கும்போது இருந்த சுற்று, ஊரின் காற்றழுத்தம் மூன்றையும் உடன் குறிக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் சாலை:

பதிவில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க ஐயா: வண்டி ஓடியிருக்கும் கிலோமீட்டர். புது வண்டியில் எடுத்த எண்ணை அதன் சொந்தக்காரர் குறித்து வைத்திருந்தால், பிற்பாடு அதே கியரில் அதே சுற்றில் அளந்து, நீண்டிருக்கிறதா என்று பார்க்கலாம். நீண்டிருந்தால் முதலில் ஹோஸ், அப்புறம் வேஸ்ட்கேட், கடைசியில்தான் டர்போவைக் கழற்றணும்.