செலாயாங் இருக்கும்போது சுடுதண்ணிக்குப் பேராக் வரைக்கும் போகணுமா?

செலாயாங்வாசி:
வீட்டுல ஒரு வாரமா இதே பஞ்சாயத்து. பள்ளி விடுமுறைக்கு மூணு குடும்பம் சேந்து வேன் எடுத்து, பேராக்ல சுங்காய் பக்கத்துல சுங்கை கிளா, அப்புறம் ஈப்போ தம்புன்னு சுடுதண்ணி ஊற்று ஊற்றாப் போய்ட்டு வரணுமாம். நான் கேக்குறது ஒன்னுதான். செலாயாங் சுடுதண்ணிக் குளம் எங்க வீட்டுலேர்ந்து எட்டிப் பாத்தா தெரியுற தூரம். அது வேணாம்னா உலு லங்காட்ல டூசுன் துவா இருக்கு. பத்தாங் காலி தாண்டி உலு தாமு இருக்கு. கேஎல்லுக்குள்ளேயே, அதான் கோலாலம்பூர்லயே, செத்தாபாக்ல ஆயர் பானாஸ்னு (மலாய்ல சுடுதண்ணி) ஒரு தாமானே, குடியிருப்பே இருக்கு. டோல், பெட்ரோல், ஹோட்டல்னு கொட்டிக் கொடுத்து அதே தண்ணில முங்கி எந்திரிக்கணுமா? மறுக்கிறவங்க காரணத்தோட வாங்க. "அங்க சூப்பரா இருக்கும் லா"ங்கிறது காரணம் இல்ல.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மச்சான்:
செலாயாங்ல குளத்துல உக்காந்தா பக்கத்துல ஒரு அங்கிள் அரசியல் பேசுவாரு, வேற என்ன இருக்கு? தம்புன்ல லாஸ்ட் வேர்ல்ட் தீம் பார்க்குக்குப் போனா பசங்க பகல்ல சறுக்குவாங்க, புலியப் பாப்பாங்க, ராத்திரி பெரியவங்க சுடுதண்ணில கெடக்கலாம். போற வழில கெல்லி கோட்டைல பேய் பாத்துட்டு வரலாம். முடிஞ்சது விவாதம்.

கிள்ளான்_பெரியவர்:
தம்பி, எல்லா ஊற்றும் ஒன்னுன்னு நெனைக்காதீங்க. உலு சிலிம் தண்ணி கந்தகத் தண்ணி. மூட்டு வலி, சொறி சிரங்கு, சர்க்கரை எல்லாத்துக்கும் மருந்து. எங்க அண்ணன் வருசா வருசம் போறாரு. ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிற காச அங்க கொடுங்க.

கல்லும்_மண்ணும்:
மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் படித்தது நிலவியல், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அதே தண்ணி" என்பது பாதி சரி. செலாயாங், டூசுன் துவா, உலு சிலிம், சுங்கை கிளா எல்லாமே தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லை ஒட்டி வருகிற ஊற்றுகள். தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. மலையில் பெய்யும் மழைநீர் பாறைப் பிளவுகளில் இறங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். போதாததற்குக் கருங்கல்லுக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதையும்போதும் வெப்பம் வெளிவரும். அப்படிச் சூடான நீர் இன்னொரு பிளவைப் பிடித்துச் சீக்கிரம் மேலே வந்தால் கொதிக்கக் கொதிக்க வரும். வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலந்துவிட்டால் வெதுவெதுப்புதான். உலு சிலிமிலும் சுங்கை கிளாவிலும் ஊற்றுக்கண் கிட்டத்தட்ட 100 டிகிரியைத் தொடுகிறது. முட்டையை வலையில் கட்டி இறக்கினால் வெந்துவிடும். அங்கே நேரடியாக யாரும் குளிப்பதில்லை, ஆற்றிய பிறகுதான் குளத்துக்கு விடுகிறார்கள்.

அந்த அழுகிய முட்டை வாசனை ஹைட்ரஜன் சல்பைடு வாயு. மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். வாசனை தூக்கலாக இருப்பதால் மருந்தும் தூக்கலாக இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டாம், பெரியவரே.

ஆனால் பேராக் போகச் சொல்வேன், காரணம் குளியல் இல்லை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிய அந்தக் கருங்கல்தான் ஈயத்தையும், அதாவது வெள்ளீயத்தையும் (tin), கொண்டுவந்தது. மலை தேய்ந்து, ஈயமணல் கிந்தா பள்ளத்தாக்கில் படிந்தது. உலகத்தின் பெரிய ஈயவயல்களில் ஒன்று அது. ஈயத்துக்காக லம்பம் என்கிற சுரங்கம், லம்பத்துக்காக ரோடு, ரயில், அதற்குப் பின்னால் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம், அதற்கெல்லாம் ஆள். அந்த ஆட்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. சுடுதண்ணியையும் நம்மையும் அந்த ஊருக்குக் கொண்டுவந்தது ஒரே கல்தான்.

செலாயாங்வாசி:
பாடம் நல்லாருக்கு சார். ஆனா கருங்கல்லப் பாக்கணும்னா எங்க வீட்டுக்குப் பின்னாடியே குன்று இருக்கு. பசங்க வேன்ல ரெண்டு மணி நேரம் "இன்னும் எவ்ளோ தூரம் பா"ன்னு கேக்கும்போது யுரேனியத்தப் பத்தியா சொல்றது?

பணி_ஓய்வு_நர்ஸ்:
கிள்ளான் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. சூடு பட்டால் இரத்தக்குழாய் விரியும், தசை தளரும், மூட்டு வலி சில மணி நேரம் குறையும். அதில் பொய் இல்லை. ஒத்தடம் கொடுத்தாலும் அதுவே நடக்கும். சர்க்கரை அதனால் போகாது. சொல்லப்போனால், சர்க்கரைக்காரர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும். காலில் உணர்ச்சி மரத்துப் போயிருந்தால் தண்ணீர் எவ்வளவு சுடுகிறது என்றே தெரியாது. பாதம் வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் பார்ப்பார்கள், அந்தப் புண் ஆறாது. வார்டில் இப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முழங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அல்லது கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள், இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். மற்றவர்களும் ஒரு கால் மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். எந்திரிக்கும்போது மெதுவாக எந்திரியுங்கள், தலை சுற்றும்.

பிள்ளைகளைத் தலையோடு முங்க விடாதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். மிக மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். இது செலாயாங்குக்கும் சேர்த்துத்தான்.

கிள்ளான்_பெரியவர்:
இத்தன வருசமா எங்க அண்ணனுக்கு ஒன்னும் ஆகல.

பணி_ஓய்வு_நர்ஸ்:
அவருக்கு ஆகாமல் இருக்கட்டும் ஐயா. மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லைதானே?

கிந்தா_பேத்தி:
வாசி அண்ணே, "இன்னும் எவ்ளோ தூரம்"னு கேக்குற பசங்களுக்குச் சொல்ல அந்த ரோட்டுல விசயம் கொட்டிக் கெடக்கு. நாமதான் ஏசியப் போட்டுட்டுத் தூங்கிடுறோம்.

சுங்காய்க்கு முன்னாடி துரோலாக் வருமே, எங்க தாத்தா அந்தப் பக்கத் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. 1942 சனவரி 7, விடியறதுக்கு முன்னாடி ஜப்பான் டாங்கிங்க அந்த ரோட்டுலதான் எறங்கி சிலிம் ரிவர் பாலம் வரைக்கும் ஒரே மூச்சுல போச்சு. எதிர்த்து நின்னது 11வது இந்திய டிவிசன். பஞ்சாபி, ஹைதராபாத், கூர்க்கா பட்டாளங்க, கூட ஸ்காட்லாந்துக்காரங்க. ஒரு காலைப் பொழுதுல எல்லாம் செதறிப் போச்சு. நாலாவது நாள், 11ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்துச்சு. நீங்க குளிக்கப் போற ஊற்றுக்கும் அந்தச் சண்டை நடந்த ரோட்டுக்கும் தூரம் ரொம்ப இல்ல.

மேல போனா கம்பார். அங்க பள்ளிக்கூடப் பக்கத்து மேட்டுல 1941 டிசம்பர் கடைசில நடந்த சண்டைல ஜப்பான்காரன கொஞ்ச நாள் நிறுத்தியே வெச்சாங்க. கோப்பெங்ல குவா தெம்புருங் குகை. உள்ள ஆறு ஓடுது, ஈயம் தோண்டின அடையாளமும் இருக்கு. தஞ்சோங் துவாலாங்ல 1938ல கட்டின ஈயக் கப்பல் இன்னும் நிக்குது, 1982 வரைக்கும் ஓடுச்சு. அது குளத்துல மெதந்துக்கிட்டே மண்ணத் தோண்டுற ராட்சசன். எங்க பெரியவன் அதப் பாத்துட்டு லாஸ்ட் வேர்ல்ட மறந்துட்டான்.

பத்து காஜாவுலேர்ந்து கிட்டத்துல பாப்பான்னு ஒரு பழைய லம்ப ஊரு, பாதி வீடு இடிஞ்சு கெடக்கும். சிபில் கார்த்திகேசு அங்கதான் ஜப்பான் காலத்துல டிஸ்பென்சரி நடத்துனாங்க. புருசன் டாக்டர், இலங்கைத் தமிழரு. காட்டுல ஒளிஞ்சு சண்டை போட்டவங்களுக்கு இருட்டுல மருந்து கட்டுனாங்க, ஒளிச்சு ரேடியோ கேட்டாங்க. 1943ல பிடிச்சுக்கிட்டுப் போய் முதுகெலும்பு போற அளவுக்கு அடிச்சாங்க. ஒருத்தர் பேரையும் சொல்லல. பிரிட்டன் ஜார்ஜ் மெடல் கொடுத்துச்சு, 1948ல அடிபட்ட காயத்தோடயே போய்ச் சேந்துட்டாங்க. கேஎல்ல எத்தன தமிழ்ப் பசங்களுக்கு இந்தப் பேரு தெரியும்?

செலாயாங் குளத்த நான் கொறை சொல்லல. ஆனா அங்க குளிச்சிட்டு வீட்டுக்கு வந்தா குளிச்சோம்னு மட்டும்தான் இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மச்சான்:
கெல்லி கோட்டைய விட்டுட்டீங்களே தங்காச்சி? ராத்திரி மேல் மாடி நடைல உருவம் நடக்குமாம், சுரங்கப் பாதை கோயில் வரைக்கும் போகுமாம்.

பூச்சோங்_வேன்காரன்:
மச்சான், நான் அங்க ஆளு ஏத்திட்டுப் போறவன். ஏறினதும் எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "அண்ணே பேய் எங்க?" இதான் எனக்கு எரிச்சல். ரூமு ரூமா போட்டோ எடுத்துட்டு வேன்ல ஏறிடுறாங்க. கோயிலுக்குப் போங்கன்னு சொன்னா "அங்க என்ன இருக்கு"ங்குறாங்க.

அங்க இருக்குறது இது. வில்லியம் கெல்லி ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு, 1890ல இருவது வயசுல மலாயா வந்தவரு. ரோடு போட்டு, கித்தா நட்டு, ஈயத்துல சம்பாதிச்சாரு. 1915ல அந்தப் பெரிய வீட்ட ஆரம்பிச்சாரு. செங்கல்லும் ஆளும் இந்தியாவுலேர்ந்து, ஆளுங்க மெட்ராஸ்காரங்க. லிப்டு வைக்கணும்னு கோபுரத்துல எடம் விட்டிருக்காங்க, அதப் பாக்கலாம். நடுவுல ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து நம்மாளுங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. மிச்சம் இருந்தவங்க மாரியம்மாவுக்கு ஒரு கோயில் வேணும்னு கேட்டாங்க, துரை கட்டிக் கொடுத்தாரு. அந்தக் கோயில் கூரைல சாமிங்களோட சாமியா வெள்ளக் கோட்டு சூட்டுல துரை சிலையும் நிக்குது. 1926ல அவரு லிஸ்பன்ல நிமோனியாவுல செத்தாரு, வீடு பாதில நின்னுருச்சு. இதுல எங்கடா பேயி?

கல்லும்_மண்ணும்:
துரை பேரில் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அந்தக் காலத்தில் எத்தனை துரைமார் தொழிலாளிகள் கேட்டதும் கோயில் கட்டிக் கொடுத்தார்கள்? ஆட்கள் தாங்களே விரும்பித்தானே அவர் சிலையை அங்கே வைத்திருப்பார்கள்? கட்டடத்திலும் இந்தியப் பாணி வளைவுகள் உண்டு, அவருக்கு நம் கலைமேல் ஒரு பிடிப்பு இருந்திருக்கிறது.

கிந்தா_பேத்தி:
விரும்பி வெச்சாங்களா, வைக்கச் சொன்னாங்களா, உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது சார். ஆளு சாகச் சாக வேல நின்னுபோச்சு. கோயில் கட்டினா மறுபடியும் வேல நடக்கும். இது கருணைன்னா தோட்டத்துப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாமே கருணைதான். அவரு பேரு, பொறந்த வருசம், செத்த ஊரு எல்லாம் தெரியுது. காய்ச்சல்ல செத்தவங்கள்ல ஒருத்தர் பேராவது அந்தக் கோட்டையப் பாக்க வர்றவங்களுக்குத் தெரியுதா? பேய்க் கதைக்கு ஆள் வருது, அவங்களுக்கு ஒரு பலகை வைக்க ஆள் இல்ல.

கல்லும்_மண்ணும்:
பலகை வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். கோயிலை வெறும் வேலை வாங்கும் தந்திரம் என்று சுருக்குவதில் நிற்க மாட்டேன். அங்கே கும்பிட்டவர்களுக்கு அது தந்திரமாக இருந்திருக்காது.

கிந்தா_பேத்தி:
கும்பிட்டவங்களப் பத்தி நான் பேசவே இல்லையே. கட்டினவரப் பத்திப் பேசுறேன்.

செலாயாங்வாசி:
நான் கேட்டது சுடுதண்ணி, நீங்க ரெண்டு பேரும் துரைக்குத் தீர்ப்பு எழுதுறீங்க. சரி, நர்ஸ் அம்மா சொன்னதுக்கப்புறம் குளியல் எங்க குளிச்சாலும் ஒன்னுதான்னு நான் சொன்னது நின்னுருச்சு. தம்புன் பார்க்குக்குக் குடும்பத்தோட டிக்கெட் எடுக்குற எண்ணம் இப்பவும் இல்ல. ஆனா பாப்பான், ஈயக் கப்பல், கோயில், இது மூணும் செலாயாங்ல இல்ல, ஒத்துக்குறேன். எங்க அம்மாவுக்குச் சர்க்கரை, அவங்க கால தண்ணில விட மாட்டேன். ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமா? ராத்திரி தங்குறதுக்கு நான் சம்மதிக்கல.

பூச்சோங்_வேன்காரன்:
முடியும், ஆனா வரிசைய மாத்துங்க. எல்லாரும் பண்ற தப்பு, சுங்காய் முன்னாடி வருதேன்னு மொதல்ல அங்க எறங்கிடுறது. சுடுதண்ணில ஊறினா ஒடம்பு லூசாகி எல்லாரும் தூங்கிடுவாங்க, அப்புறம் கோட்டையும் கெடையாது கப்பலும் கெடையாது. விடியக்காலைல கெளம்பி நேரா கோப்பெங் எக்சிட்ல எறங்குங்க. கோட்டை, கோயில், பாப்பான், ஈயக் கப்பல் எல்லாம் பகல்லயே முடிச்சிருங்க. மத்தியானச் சாப்பாடு பத்து காஜாவுல. குவா தெம்புருங் இந்தத் தடவ வேணாம், உள்ள படி ஜாஸ்தி, அம்மாவால ஏற முடியாது. திரும்பும்போது சாயங்காலம் சுங்கை கிளா, அப்புறம் நேரா கேஎல். கெளம்புறதுக்கு முன்னாடி கப்பலும் கோட்டையும் அன்னிக்கித் தொறந்திருக்கான்னு போன் போட்டுக் கேட்டுக்குங்க. முட்டை நீங்களே வாங்கிட்டுப் போங்க.