கூனிக்கு ஒரு மண்ணுருண்டை போதும்

(பழைய கதைகளின்ர வில்லன்களுக்கு முன்கதை எழுதுறது பற்றிக் கொழும்பு ஆக்கள் கதைச்சது. கதைச்சவர் பேருக்குப் பதிலா இடத்தின்ர பேர்.)

வெள்ளவத்தை:
சின்ன வில்லனுக்கு முன்கதை எழுதுற ஆக்கள் முதல்ல கம்பனைப் பார்க்கவேணும். வால்மீகியின்ர கூனிக்கு இராமனோட பழைய கோபம் எண்டு ஒண்டும் இல்லை. கம்பன் ஒரு ஞாபகத்தை வைக்கிறார்: சின்ன வயசில இராமன் வில்லால அவளுக்கு அடிச்ச மண்ணுருண்டை. அதுவும் அவள் வாயை மடிச்சுக்கொண்டு கைகேயி மாளிகைக்கு ஏறிப்போற வேகத்தில, அரைப் பாட்டில. கதை ஒரு அடிகூட நிக்கேல்ல. இப்ப எழுதுற ஃபேன் ஃபிக்‌ஷன்ல (பிடிச்ச கதையின்ர பாத்திரங்களை வைச்சு வாசகர் எழுதுற கதை) 3000 சொல் அத்தியாயத்தில 1500 சொல்லுக்கு ஃப்ளாஷ்பேக் ஓடுது. 300 தாண்டினாலே இழுவைதான்.

கொட்டாஞ்சேனை:
அதே கூனியை இந்தக் காலத்துக் கொழும்புக்குக் கொண்டுவாறதெண்டா, சின்ன வயசில மலையகத்தில இருந்து வீட்டு வேலைக்கு வந்தவள், நோனா (வீட்டுக்காரம்மா) கலியாணம் முடிக்கேக்க சீதனத்தோட சேர்ந்து வந்தவள் எண்டு வைக்கலாம். மண்ணுருண்டை டென்னிஸ் பந்தாகும். ஃபிளாட் கொரிடோரில வீட்டின்ர மூத்த பொடியன் அடிச்ச பந்து முதுகில படுது. இதில 'அவள் மனம் நொறுங்கியது' எண்டு எழுதினா முடிஞ்சுது. அவள் பந்தைத் தேடி எடுக்கிறாள், சட்டையில துடைக்கிறாள், "இந்தாங்கோ தம்பி" எண்டு குடுக்கிறாள். முதுகைத் தடவுறது குசினிக்குள்ள போனபிறகு.

கைகேயி கேட்ட ரெண்டு வரத்துக்குப் பதிலா வீட்டு உறுதி (பத்திரம்). அது ஆற்ற பேருக்கு எழுதப்படுது எண்டதில அவள் வாய் வைக்கவேணும். பந்து பட்ட நோவும் ஒரு குடும்பம் தெருவுக்கு வாறதும் ஒரே நிறை இல்லை. அந்த வித்தியாசம்தான் அவளை வில்லியா வைச்சிருக்குது. நிறையைச் சரிக்கட்ட சூடு வைச்சது, பட்டினி போட்டது எண்டு அடுக்கினா, அவள் செய்தது நியாயமாப் போயிடும். பிறகு எழுத என்ன இருக்கு?

தெகிவளை:
இரவிதாசனுக்கு இந்த வழி சரிவராது. பொன்னியின் செல்வனிலேயே அவன்ர காரணம் வெளிச்சம்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் வெட்டின பாண்டிய அரசன் வீரபாண்டியன் தலைக்குப் பழி. அதையே நீட்டினா புதுசா ஒண்டும் கிடையாது. உடையார்குடிக் கல்வெட்டுக்குப் போங்கோ, கரிகாலனைக் கொன்ற ஆக்களின்ர சொத்தைப் பறிக்கிற கட்டளை அதில இருக்கு. இராசராசன்ர 2ஆம் ஆட்சியாண்டு. கொலைகாரர் பட்டியல்ல 'பஞ்சவன் பிரமாதிராசன்' எண்ட பட்டத்தோட இரவிதாசன், 'இருமுடிச்சோழ பிரமாதிராசன்' எண்ட பட்டத்தோட பரமேசுவரன். பரமேசுவரன்ர பட்டத்துக்குள்ளேயே சோழன் இருக்கிறான்! அப்ப காட்டில ஆந்தை மாதிரிக் கத்தித் திரியிற மந்திரவாதி இல்லை, அரச அதிகாரி. சம்பளம் தந்த வீட்டிலயே கை வைச்சவனாயும் இருக்கலாம்.

அந்தக் கட்டளையில சொந்தக்காரற்ற சொத்தும் பறிபோகுது. நிலம் அளக்க ஆள் வந்து நிக்கிற தம்பி வீட்டு வாசல்ல தொடங்குங்கோ. இரவிதாசனைப் பற்றி ஒரு நல்ல சொல் தேவையில்லை. தம்பி தமையன்ர பேரைச் சொல்லாமல் 'அவர்' எண்டு கதைச்சாலே போதும்.

வெள்ளவத்தை:
வாசல் நல்லாயிருக்கு. ஆனா ஆதித்த கரிகாலனுக்கும் ஒரு இடம் விடுங்கோ. செத்தவனைக் கொடுமைக்காரனாக்கித்தான் கொன்றவனில இரக்கம் வருமெண்டா அந்த முன்கதை பிழை.

பம்பலப்பிட்டி:
பீட்டா வாசிக்க (வெளியிட முந்தி வாசிச்சுக் கருத்துச் சொல்ல) குடுக்கேக்க முன்கதைப் பந்தியை வெட்டிப்போட்டு ஒருவருக்கும், வெட்டாமல் இன்னொருவருக்கும் அனுப்புங்கோ. ரெண்டு பேருக்கும் நடந்த சம்பவம் ஒண்டாயும், கடைசிக் காட்சியில வில்லன்ர முகம் வேறயாயும் தெரியவேணும். சம்பவமே விளங்கேல்ல எண்டு முதலாமவர் சொன்னா, கதை முழுக்க அந்த ஒரு பந்தியில தொங்குது. இன்னொண்டு: சோழர் கதையில "என்ன மச்சான்" வேண்டாம்.