ஹீட் சோக்: வெப்பத் தேக்கமா, சூடூறலா?

வணக்கம்.

மோட்டார் வாகனச் சொற்பட்டியலில் 'ஹீட் சோக்' (heat soak: சூடான பாகத்தின் சூடு பக்கத்துப் பாகங்களில் மெல்ல ஏறி நிற்பது) என்பதற்கு 'வெப்பத் தேக்கம்' என்று போட்டிருக்கிறோம். மாற்ற வேண்டும். ஏசி பழுது பார்க்கிறவரை அந்தச் சொல் தவறான இடத்தில் கைவைக்கச் சொல்லும்.

2003, 2004 ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவை எடுத்துக்கொள்வோம். 4.6 லிட்டர் வி8, மேலே காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர். அமுக்கிய காற்று சூடாகும். அந்தச் சூட்டை வாங்க அடியில் தண்ணீர் ஓடும் இன்டர்கூலர். அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் சிறு ரேடியேட்டர் முகப்பில், ஏசி குளிர்பொருளின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கு முன்னால். கண்டன்சருக்கு வந்து சேர்வதே சூடேறிய காற்றுதான். வண்டி ஓடும்வரை சமாளிக்கும். நன்றாக விரட்டிவிட்டு அணைத்துக் கால் மணி நேரம் விட்டால் பம்பும் விசிறியும் நின்றுபோகும். வார்ப்பிரும்பு பிளாக் வாங்கிய சூடு மட்டும் நிற்காது. சூப்பர்சார்ஜர் கூடு, இன்டர்கூலர் தண்ணீர், ஏசி கம்பிரசர், கண்டன்சர் என்று ஒவ்வொன்றிலும் மெல்ல இறங்கும். திரும்பக் கிளப்பினால் ஏசி குளிராது.

ஊறுகாய்க்குள் உப்பு ஏறுகிற மாதிரி இது. மெதுவாக ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். 'சூடூறல்' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

---

> 'சூடூறல்' என்று வைக்கலாம்

ஐயா, இரண்டு தடைகள். 'ஊறல்' என்றதும் செய்தித்தாள் படிக்கிறவருக்குச் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். இன்னொன்று, தேக்கம் என்பதும் பொய்யில்லை. நெரிசலில் வண்டி நிற்கும்போது காற்றோட்டம் இல்லாமல் கண்டன்சரைச் சுற்றிச் சூடு தேங்கத்தான் செய்கிறது. ஏசி குளிர்பொருளான ஆர்-134ஏ 50 பாகை செல்சியஸில் திரவமானால் அழுத்தம் காட்டும் கேஜில் சுமார் 177 பிஎஸ்ஐ. 70 பாகைக்கு ஏறினால் 290-ஐத் தாண்டும், 80 பாகையில் 365 அளவுக்குப் போகும். 400-க்கு மேல் போனால் பெரும்பாலான வண்டிகளில் பிரஷர் சுவிட்ச் கம்பிரசரைச் சுற்றவைக்கும் கிளட்சை விடுவித்துவிடும். விசிறி சரியாகச் சுற்றாத வண்டியிலும் இதே கதைதானே?

---

> இதே கதைதானே?

இல்லை. சொல்லைப் பிரிக்க வேண்டிய இடமே அதுதான்.

கேஜ் மாட்டி எஞ்சினை ஐடிலில் விட்டு, கண்டன்சர் முன்னால் பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்றை வையுங்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் குறை காற்றோட்டத்தில்: விசிறி, விசிறி ரிலே, கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைந்த தூசி, பிய்ந்துபோன பக்கவாட்டு ஃபோம். இதற்குத் தேக்கம் என்ற பெயர் சரி. ஃபேன் வைத்தும் இறங்காவிட்டால் கேஸ் (ஏசி குளிர்பொருள்) மிகுதி, அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டத் தொடங்கிய சில நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டால் அதுதான் சூடூறல்.

பட்டறையில் மூன்றுக்கும் ஒரே பேச்சு: "ஹீட் ஆயிடுச்சு". உடனே கேஸ் ஏற்றுகிறார்கள். ஊறிய கண்டன்சரில் கேஸைக் கூட்டினால் அழுத்தம் இன்னும் ஏறி முன்பைவிடச் சீக்கிரம் கட் ஆகும். முழுதும் மீட்டெடுத்து, வேக்குவம் போட்டு, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள எடையை நிறுத்து ஏற்றுவது ஒன்றே வழி.

சூடூறல் கம்பிரசர் கிளட்சையும் பாதிக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிளட்சின் காந்தச் சுருள் (coil) செம்பு, ஒரு பாகைக்குத் தடை சுமார் 0.39 விழுக்காடு கூடும். 20 பாகையில் 3.6 ஓம் இருப்பது 120 பாகையில் 5 ஓம். 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் 2.4 ஆக இறங்கிவிடும், காந்த இழுப்பும் தளரும். தேய்மானத்தால் கிளட்ச் இடைவெளி அகன்றிருந்தால் காலையில் பிடிக்கிற கிளட்ச் ஊறிய பிறகு பிடிக்காது. அந்த நேரத்தில் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வந்தும் முகத்தட்டு சுற்றவில்லை என்றால் இடைவெளிதான் குற்றவாளி: நடு போல்ட்டைக் கழற்றி, தட்டை எடுத்து, ஒரு ஷிம்மை (மெல்லிய வளையத்தை) நீக்கி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் மூன்று இடத்தில் அளந்து கையேட்டின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மின்சாரமே வரவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச், அல்லது எஞ்சின் கணினியே விடுவித்திருக்கும். முழு திராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது) ஏசியைத் துண்டிக்கும் ரிலே கோப்ராவில் உண்டு, அது பழுதல்ல.

---

> அதுதான் சூடூறல்

விளங்கியது. தேக்கத்துக்குக் காற்று மருந்து, ஊறலுக்கு நேரம் மருந்து. இரண்டு பதிவாகவே வைப்போம். 'சூடு' முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பதால் சாராயக் குழப்பமும் வராது. வினையாகவும் புழங்குகிறது: 'இன்டர்கூலர் சூடூறிப் போச்சு' என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். 'வெப்பவூறல்' அப்படி வாயில் நிற்காது.

2018 டாட்ஜ் சேலஞ்சர் எஸ்ஆர்டி டீமனையும் எடுத்துக்காட்டில் சேர்க்கலாம். டிராக் (drag) பந்தய ஓட்டத்தில் அது ஏசி குளிர்பொருளைக் கேபினுக்கு விடாமல் இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கத் திருப்புகிறது. எஞ்சினை அணைத்த பிறகும் பம்பையும் விசிறியையும் ஓடவிட்டு, ஊறுவதற்குள் சூட்டை வெளியேற்றுகிறது. அந்த 'ஆஃப்டர்-ரன்'னுக்குப் 'பின்னோட்டம்' என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார்.

---

'பின்னோட்டம்' வேண்டாம், பின்னோக்கி ஓடுவதாகப் படும். 'அணைப்புக்குப்பின் ஓட்டம்' நீளம்தான், ஆனால் பிழை இல்லை. பதிவு இப்படி இருக்கட்டும்:

சூடூறல்: எஞ்சின் நின்றபின், அல்லது காற்றோட்டம் குறைந்த நேரத்தில், சூடான கனத்த பாகங்களிலிருந்து அருகிலுள்ள பாகங்களுக்குச் சூடு மெல்லப் பரவி நிற்பது. காற்றோட்டம் திரும்பினாலும் உடனே நீங்காது. வெப்பத் தேக்கம் வேறு. அதைத் தனிப் பதிவில் காண்க.