அசரியா பலகை: குடும்பக் குழு

*ஜெபா:* ஆகஸ்ட் 17க்கு ஞாயிறுபள்ளியில வைக்கிற பலகை. "வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945), திருநெல்வேலியின் முதல் இந்தியப் பேராயர், சி.எஸ்.ஐ." சரியா பெரியப்பா?

*பெரியப்பா:* வருஷம் சரி, மத்தது தப்பு. பிறந்தது அப்பத்திய திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளை. ஆனா திருநெல்வேலிக்கு அவர் பேராயரா இருந்ததே இல்ல. டோர்னக்கல் பேராயர். அப்ப நிஜாம் சீமை, இப்ப தெலங்கானா. "ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) முதல் இந்தியப் பேராயர்"னு எழுது.

*பெரியப்பா:* சி.எஸ்.ஐ.யை (தென்னிந்தியத் திருச்சபை) எடுத்துரு. பல சபைங்க ஒண்ணு சேர்ந்து அது உருவானதே 1947 செப்டம்பர் 27. அவர் காலமானது 1945 ஜனவரி 1. சபை ஐக்கியத்துக்கு உழைச்சவர், பார்க்கக் கொடுத்துவைக்கல.

*எஸ்தர் அத்தை:* சங்கத்தைப் பத்தி எழுதுனா கவனி: 1903ல பாளையங்கோட்டையில தொடங்குன இந்திய மிஷனரி சங்கமும் 1905 கிறிஸ்துமஸ் அன்னைக்கு செராம்பூர்ல தொடங்குன தேசிய மிஷனரி சங்கமும் வேற வேற. ரெண்டுலயும் அவர் உண்டு, அதான் எல்லாரும் குழப்புறாங்க. முதல் சங்கம் நம்ம திருநெல்வேலி ஜனங்க காணிக்கையில டோர்னக்கல் பக்கம் ஆள் அனுப்புனது.

*ஜெபா:* எந்த வருஷம் குருவானவர் ஆனாரு?

*ஸ்டீபன் மாமா:* 1895ல இருந்து ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) செயலாளர், அங்கி கிடையாது. 1909லதான் உதவிக்குரு. அப்புறம் குருப்பட்டம். 1912 டிசம்பர் 29 கல்கத்தா தூய பவுல் பேராலயத்துல பேராயர் அபிஷேகம். இந்த மூணு படியில ஒண்ணைத் தாண்டி இன்னொண்ணுக்குப் போக முடியாது. பேராயர் அபிஷேகத்துக்குக் குறைஞ்சது மூணு பேராயர் கை வைக்கணும்.

*ஸ்டீபன் மாமா:* சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட்தான் அந்த அபிஷேகத்தை விடாம நின்னு நடத்துனாரு. இந்தியர் கீழ வெள்ளைக்காரங்க இருக்கணுமான்னு எதிர்ப்பு கடுமை. முதல்ல கொடுத்தது சின்ன எல்லை, பின்னாடிதான் விரிஞ்சுது.

*ஜெபா:* கல்லூரிப் பட்டம் போடட்டுமா?

*பெரியப்பா:* மெஞ்ஞானபுரம் பள்ளி, அப்புறம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பி.ஏ. முடிக்கல. டாக்டர்னு போட்டா கேம்பிரிட்ஜ் 1920ல கொடுத்த கௌரவப் பட்டம்னு சேர்த்துப் போடு.

*எஸ்தர் அத்தை:* "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" பேச்சு 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டுல அவர் பேசுனது. அப்ப அவர் பேராயர் இல்ல. அந்த வரிக்குப் பக்கத்துல பேராயர் உடுப்புப் படம் வைக்காத.

*எஸ்தர் அத்தை:* இதையும் சேர். ஞானஸ்நானம் வாங்குனவங்களைத் தங்க தலையில கையை வைக்கச் சொல்லி, "நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை அறிவியாவிட்டால் எனக்கு ஐயோ"ன்னு சொல்ல வைப்பாரு. சம்பளத்துக்கு வந்த ஊழியரை மட்டும் நம்பாம, கூலி வேலை பார்த்த சனங்களே அக்கம்பக்கத்து ஊருக்குச் சொல்லணும்ங்கிறது அவர் நோக்கம். பிள்ளைங்களுக்கு இதுதான் மனசுல நிக்கும்.

*ஜெபா:* டோர்னக்கல் பேராலயப் படம் கூகுள்ல எடுத்தேன், உயரமான ஊசிக்கோபுரம்.

*ஸ்டீபன் மாமா:* அது பாளையங்கோட்டைடா! டோர்னக்கல் பேராலயத்துல குவிமாடமும் மினாரும் இருக்கும், நம்ம நாட்டுப் பாணி. பிரதிஷ்டை 1939 ஜனவரி 6. அவர் கல்லறையும் அங்கதான்.

*ஜெபா:* சரி மாமா, மாத்திட்டு ராத்திரி புரூஃப் போடுறேன்.

*பெரியப்பா:* பிரிண்டுக்குக் கொடுக்குமுன்ன வருஷத்தை மட்டும் அத்தைகிட்ட ஒருதரம் காட்டிரு.